‘அன்பு’ என்று ஒரே சொல்லில் எழுதிய விடைக்கு எத்தனை மதிப்பெண்? மையக்கருத்துத் தேர்வு வைக்கப்போகும் புதிய ஆசிரியருக்கு

நான் முதன்முதலாக வைத்த இலக்கியத் தேர்வில் வகுப்பில் பாதிப் பேருக்கு மேல் முழு மதிப்பெண். வகுப்பில் நடத்திய கதையைத்தான் கொடுத்திருந்தேன். ‘இக்கதையின் மையக்கருத்து யாது?’ என்று கேட்டிருந்தேன். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டில் உட்கார்ந்து விடைத்தாள்களை மறுபடி புரட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. எல்லோரும் எழுதியிருந்தது ஒரே வாக்கியம், அதுவும் நான் கரும்பலகையில் எழுதிப்போட்ட வாக்கியம். நான் சோதித்தது என் சொந்த வாக்கியத்தை அவர்கள் எவ்வளவு நன்றாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பதை. அடுத்த வாரம் யாரும் படித்திராத ஒரு சிறு கதையைக் கொடுத்து அதே கேள்வியைக் கேட்டேன். ‘அன்பு’, ‘ஒற்றுமை’, ‘நட்பு’ என்று ஒற்றைச் சொற்கள் வந்து விழுந்தன. சிலர் கதையையே சுருக்கி எழுதிவிட்டார்கள்.

உயர்நிலை வகுப்புக்கு, ஒரு படைப்பின் உலகப் பொதுவான மையக்கருத்தைக் கண்டறியச் சொல்லும் இந்த வகைத் தேர்வை முதல்முறையாக வைக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வினா எழுதும்போதெல்லாம் நான் கேட்டுக்கொள்ளும் சோதனை ஒன்று உண்டு: பகுதியைப் படிக்காத பிள்ளை இதற்கு விடை எழுதிவிட முடியுமா? முடியும் என்றால் அந்த வினாவை அடித்துவிடுவேன்.

முதலில்: எதைத் தேடச் சொல்கிறோம்?

கதை எதைப் பற்றியது என்பது ஒன்று. அதைப் பற்றி அந்தக் கதை என்ன சொல்கிறது என்பது வேறொன்று. ‘பிரிவு’ என்பது பொருள். ‘பிரிந்த பிறகுதான் உறவின் எடை தெரிகிறது’ என்பது மையக்கருத்து. முதலாவதற்கு ஒரு சொல் போதும். இரண்டாவதற்கு எழுவாயும் பயனிலையும் உள்ள ஒரு முழு வாக்கியம் வேண்டும். இந்த வேறுபாட்டைத் தேர்வுக்கு முன்பே பத்து முறையாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் தேர்வில் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கலைச்சொல்லில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. மையக்கருத்தைக் ‘கருப்பொருள்’ என்று சொல்லும் வழக்கம் இன்று பரவலாக உண்டு. ஆனால் தொல்காப்பியம் முதல், கரு, உரி என்று பிரிக்கும்போது, கருப்பொருள் என்றால் ஒரு நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை போன்றவை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் மனித நிலைகள் உரிப்பொருள். நாம் தேடுவது உரிக்குப் பக்கத்தில் இருக்கிறது. இலக்கணம் நன்றாகப் படித்த பிள்ளை ‘கருப்பொருளைக் கண்டறிக’ என்ற வினாவுக்கு மரத்தையும் பறவையையும் எழுதிவைத்தால் அது அவள் தவறில்லை. அதனால் வினாத்தாளில் ‘மையக்கருத்து’ என்றே எழுதுங்கள்.

அப்புறம் ‘உலகப் பொதுவான’ என்ற அடைமொழி. எல்லா மனிதரும் ஒப்புக்கொள்ளும் நீதி என்று பிள்ளைகள் இதைப் புரிந்துகொள்கிறார்கள். அதனால்தான் விடைகள் எல்லாம் அறிவுரையாக வருகின்றன. எந்தக் காலத்திலும் எந்த நாட்டிலும் மனிதர்களுக்கு வந்துசேரும் சிக்கல் என்று சொல்லிக்கொடுங்கள். சாவு, பகை, பிறந்த வீட்டை விட்டுப் போவது, அதிகாரத்துக்கு எதிரே தனியாக நிற்பது, வளர்ந்து பெரியவராவது. கேள்வி எல்லோருக்கும் பொதுவானது. ஒவ்வொரு படைப்பும் அதற்குத் தரும் பதில் வேறாக இருக்கலாம்.

பகுதியைத் தேர்ந்தெடுத்தல்

உழைப்பில் பாதி இங்கேதான் போகும். வகுப்பில் நடத்தாத பகுதியாக இருக்க வேண்டும். ஆசிரியர் பெயரையும் தலைப்பையும் எடுத்துவிடுவது என் வழக்கம். தலைப்பிலேயே பல கதைகள் தங்கள் ரகசியத்தைச் சொல்லிவிடும்.

பெயரை நீக்கிப் படிக்கக் கொடுக்கும் முறைக்கு ஒரு முன்னோடி உண்டு. கேம்பிரிட்ஜில் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்ற பேராசிரியர் கவிஞர் பெயர் இல்லாமல் கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, அவர்கள் எழுதித் தந்த கருத்துகளைத் திரட்டி ஆராய்ந்து 1929இல் புத்தகமாக வெளியிட்டார். நன்றாகப் படித்த மாணவர்களே கவிதையின் நேரடிப் பொருளைக் கோட்டைவிட்டிருந்தார்கள். இன்னொன்றையும் அவர் கவனித்தார்: படிக்கிறவர் மனத்தில் ஏற்கெனவே தயாராக இருக்கும் உணர்ச்சியோ கருத்தோ கவிதையைக் கண்டதும் எழுந்து வந்துவிடுகிறது, கவிதை சொன்னது காதில் விழாமலே போகிறது. தாய் என்ற சொல்லைப் பார்த்ததும் ‘தாயன்பு’ என்று எழுதும் பிள்ளைகள் நினைவுக்கு வருகிறார்களா? அந்தத் தாய் கதை முழுக்கப் பிள்ளையை ஏமாற்றியிருந்தாலும் விடை தாயன்புதான்.

ஆகவே பகுதி எப்படி இருக்க வேண்டும்? நீதியை வெளிப்படையாகச் சொல்லும் கதை வேண்டாம். ‘இதிலிருந்து நாம் அறிவது’ என்று கடைசி வரியில் வந்துவிட்டால் கண்டறிய ஒன்றும் மிச்சமில்லை. முழுக்க முழுக்கப் பூடகமாகவும் இருக்கக் கூடாது, நாற்பது நிமிடத்தில் பிடிபட வேண்டும். கடினமான சொல் இருந்தால் பொருளை அடியிலேயே கொடுத்துவிடுங்கள். சொல்வளத்தைச் சோதிக்க வேறு தேர்வு இருக்கிறது.

பொருத்தமான பகுதி கிடைக்காதபோது நானே எழுதிவிடுவேன். பெரிய இலக்கியமாக இருக்க வேண்டியதில்லை, ஒரு முடிச்சு இருந்தால் போதும். ஒரு தேர்வுக்காக எழுதியதை இங்கே அப்படியே தருகிறேன். மிச்ச விளக்கம் எல்லாம் இதை வைத்துத்தான்.

“தகப்பன் போன மூன்றாம் மாதம் அண்ணனும் தம்பியும் நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள். அளக்க வந்தவர் கயிற்றை இழுத்துப் பிடித்தபோது எல்லைக்கோடு கிணற்றின் நடுவே போனது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. கிணற்று வாயின் குறுக்கே உத்தரம் போட்டு, அதன்மேல் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பினார்கள். ஆளுக்கு ஒரு ராட்டினம், ஆளுக்கு ஒரு வாளி. ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் ஆறு ஆண்டுகள் ஓடின. அந்தக் கோடையில் நீர் அடிமட்டத்துக்குப் போயிற்று. யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்று ஒரு நடுநிசியில் அண்ணன் வாளியை இறக்கினான். கயிறு தீரும் ஆழத்தில் ‘டங்’கென்று ஒரு சத்தம். அந்தப் பக்கத்து ராட்டினமும் நின்றுபோனது. சற்று நேரம் இரண்டு கயிறுகளும் அசையவில்லை. பிறகு அண்ணன் வெறும் வாளியை மேலே இழுத்துக்கொண்டான்.”

எழுதி முடித்ததும் அதில் தாங்கும் வாக்கியங்களாக எத்தனை மையக்கருத்து சொல்ல முடிகிறது என்று நீங்களே எழுதிப் பாருங்கள். எனக்கு மூன்று வந்தன. மனிதர் போடும் எல்லை மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. வாயால் கேட்க முடியாத மன்னிப்பைச் செயல் கேட்டுவிடும். வீம்பு இருவரையும் ஒரே வறட்சியில் கொண்டுபோய் நிறுத்தும். ஒன்றுகூடத் தேறவில்லை என்றால் பகுதி கோளாறு. பத்து வந்தால் அது தேர்வுக்கு ஆகாது, வகுப்பில் பேசிப் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

வினாத்தாளைக் கட்டுதல்

ஒரு பாடவேளைக்கு 20 மதிப்பெண் போதும். நான் பிரிக்கும் விதம்: நேரடிப் பொருளுக்கு 2, கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தெரிவு வினாக்களுக்கு 4, குறையுள்ள வாக்கியத்தைத் திருத்துவதற்கு 3, மையக்கருத்தும் சான்றும் எழுதுவதற்கு 5, இரண்டு பகுதிகளை ஒப்பிடுவதற்கு 6.

நேரடிப் பொருளுக்கு எதற்கு மதிப்பெண் என்று சிலர் கேட்பார்கள். ‘டங்கென்ற சத்தம் எதனால் வந்தது?’ என்பதுதான் என் முதல் வினா. வாளி அடித்தரையில் மோதியது என்று ஒருவன் எழுதினால், அவனுடைய மையக்கருத்து ஏன் தடம் மாறியது என்று திருத்தும்போதே தெரிந்துவிடும். அவனுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது மையக்கருத்து இல்லை, நிதானமாக வாசிப்பது. இரண்டு மதிப்பெண் செலவில் இந்தத் தகவல் கிடைப்பது லாபம்தான்.

தெரிவு வினாவை எழுதுவதுதான் மிகக் கடினம். சரியான விடை சுலபமாக வந்துவிடும், தவறான விடைகளுக்குத்தான் மூளையைக் கசக்க வேண்டும். நான்கு தெரிவுகள் கொடுக்க வேண்டும் என்று யாரும் விதி போடவில்லை. மைக்கேல் ராட்ரிகஸ் என்பவர் ஏறத்தாழ 80 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, மூன்று தெரிவுகளே போதும் என்று 2005இல் எழுதினார். நான்காவது பெரும்பாலும் யாரும் தொடாத நிரப்பியாகத்தான் கிடக்கிறது. என் அனுபவமும் அதுதான்.

கிணற்றுக் கதைக்கு முதலில் நான் எழுதியது இது: ‘இக்கதையின் மையக்கருத்து: அ) ஒற்றுமை ஆ) வீரம் இ) கல்வி.’ கதையைப் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு அ போடலாம். மாற்றி எழுதியது:

‘இக்கதை மனித வாழ்க்கையைப் பற்றி உணர்த்துவதற்கு மிக நெருக்கமானது எது?
அ) நீரை அளவோடு செலவழிக்காதவர் கோடையில் தவிப்பார்.
ஆ) பிரிந்து நிற்பவரையும் ஒரே தேவை பிணைத்து வைத்திருக்கும்.
இ) உட்கார்ந்து பேசினால் எப்பேர்ப்பட்ட பகையும் தீரும்.’

மூன்றும் ஏறக்குறைய ஒரே நீளம். மூன்றும் காதுக்கு நல்ல வார்த்தைகள். ‘அ’வை நம்பும் பிள்ளை நீர், கோடை என்ற சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டவள். கதையில் யாரும் நீரை வீணாக்கவில்லை. ‘இ’யை நம்பும் பிள்ளை தனக்குத் தெரிந்த நீதியைக் கதைமேல் ஏற்றிவிட்டான். இந்தக் கதையில் யாரும் ஒரு வார்த்தை பேசவே இல்லை. தவறான ஒவ்வொரு தெரிவுக்கும் எதிராகப் பகுதியிலிருந்தே ஒரு காரணம் காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்தத் தெரிவைத் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் தாள் கொடுக்கிற அன்று பெற்றோரோடு வாதாட வேண்டிவரும்.

இதற்குக் கீழேயே இரண்டாம் பகுதி: ‘மேலே தேர்ந்ததற்கு எந்த வரி வலுவான சான்று?’ என்று கேட்டு மூன்று வரிகளைக் கொடுங்கள். முதல் பகுதி தவறாக இருந்தால் இரண்டாவதற்கு மதிப்பெண் கிடையாது என்பதைத் தாளிலேயே எழுதிவிடுங்கள். குருட்டாம்போக்கில் இரண்டும் சரியாக அமைவது ஒன்பதில் ஒரு வாய்ப்பு. இப்படி இரண்டு ஜோடி வைத்தால் 4 மதிப்பெண் ஆயிற்று.

திருத்தும் வினா எனக்கு மிகவும் பிடித்தது. ‘ஒரு மாணவர் இக்கதையின் மையக்கருத்து சண்டை என்று எழுதினார். அவர் விடையில் என்ன குறை? அதை முழுமையான மையக்கருத்தாக மாற்றி எழுதுக.’ வெள்ளைத்தாளைப் பார்த்துப் பயப்படும் பிள்ளைகளுக்கு இது ஒரு பிடிமானம். தப்பைக் கண்டுபிடிப்பது என்றால் எல்லோருக்கும் உற்சாகம் வந்துவிடுகிறது!

நெடுவினாவில் ‘மையக்கருத்து யாது?’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ‘இக்கதை மனிதர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று ஒரே வாக்கியத்தில் எழுதுக. அண்ணன், தம்பி, கிணறு என்ற சொற்களைப் பயன்படுத்த வேண்டாம். கதையிலிருந்து இரண்டு சான்றுகள் தந்து, அவை எப்படி உன் வாக்கியத்தைத் தாங்குகின்றன என்று விளக்குக.’ அந்தச் சொல் தடையைப் பாருங்கள், அது ஒன்றே கதைச்சுருக்கம் எழுதுகிறவர்களைப் பாதிக்குமேல் குறைத்துவிடும். பாத்திரங்களின் பெயரைத் தொடாமல் எழுத வேண்டும் என்றால் பிள்ளை பொதுமைப்படுத்தித்தான் ஆக வேண்டும்.

ஒப்பிடும் வினா

உலகப் பொதுவானதா என்பதை ஒரே ஒரு பகுதியை வைத்துக்கொண்டு சோதிக்கவே முடியாது. இரண்டு வேண்டும், அதுவும் தொலைவில் பிறந்த இரண்டு.

வகுப்பில் பயிற்சிக்கு நான் எடுத்துக்கொள்ளும் ஜோடி இது. களிமண் பலகைகளில் ஆப்பெழுத்தில் பதிந்து கிடைத்த மெசபடோமியக் காவியத்தில், கில்காமேஷ் தன் தோழன் என்கிடுவை இழந்து புலம்புகிறான். புறநானூற்றின் 235ஆம் பாட்டில், அதியமான் இறந்தபின் ஔவையார் புலம்புகிறார். இடத்தாலும் காலத்தாலும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. இரண்டிலும் பொருள் ஒன்றே: நெருங்கியவரின் சாவு. இங்கேயே நிறுத்திவிட்டால் விடை ‘துக்கம்’ என்று முடிந்துபோகும். அடுத்த கேள்வியைக் கேளுங்கள்: அந்தத் துக்கம் எங்கே போகிறது? கில்காமேஷுக்குத் தோழனின் சாவு தன் சாவைப் பற்றிய பயமாக மாறுகிறது, சாகாமல் இருக்க வழி தேடி உலகத்தின் விளிம்புவரை போகிறான். ஔவையார், அதியமான் தனக்குக் கிடைத்ததை மற்றவரோடு எப்படிப் பகிர்ந்துகொண்டான் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்க்கிறார். கடைசியில் பாடுகிறவரும் இனி இல்லை, பாடுகிறவருக்குக் கொடுப்பவரும் இல்லை என்று ஒரு உலகமே மூடிக்கொள்வதைச் சொல்கிறார். ஒருவன் இழப்பிலிருந்து தன்னை நோக்கித் திரும்புகிறான், இன்னொருவர் போனவனின் கொடையை நோக்கித் திரும்புகிறார். ‘நெருங்கியவர் சாவு, இருப்பவரின் உலகத்தை மாற்றிவிடுகிறது’ என்ற பொது வாக்கியத்தையும், அதற்குள் இருக்கும் இந்த வேறுபாட்டையும் ஒரு பிள்ளை எழுதிவிட்டால் ஆறுக்கு ஆறு.

தேர்வில் அந்த அளவுக்குப் போக நேரம் இருக்காது. கிணற்றுக் கதைக்கு எதிராக இன்னொரு ஐந்து வரிக் கதை வைத்தேன். இரண்டு நண்பர்கள் வேலியில்லாத ஒரே தோட்டத்தைப் பயிரிடுகிறார்கள். யார் செடி, யார் களை என்று நாளும் தகராறு. ஒரு நாள் இருவரும் சேர்ந்தே வேலி போடுகிறார்கள். அன்று சாயங்காலம் வேலிக்கு இருபுறமும் நின்று நெடுநேரம் சிரித்துப் பேசுகிறார்கள். வினா: ‘இரண்டு கதைகளுக்கும் பொதுவான பொருள் எது? அதைப் பற்றி அவை சொல்வதில் என்ன வேறுபாடு?’ முதல் முறை கொடுத்தபோது, இரண்டுமே ஒற்றுமையை வலியுறுத்துகின்றன என்று எழுதியவர்கள் கணிசம். எல்லைதான் இங்கே பொருள் என்று பிடித்தவர்கள் குறைவு. எல்லை ஒரு கதையில் உறவை மறைக்கிறது, இன்னொன்றில் உறவைக் காப்பாற்றுகிறது. அறிவுரையாக எழுதப் பழகிய கைக்கு இந்த வினாவில் வழியே இல்லை.

விடைக்குறிப்பைத் தேர்வுக்கு முன்பே எழுதுங்கள்

திருத்த உட்கார்ந்த பிறகு அளவுகோல் தேடினால், முதல் பத்துத் தாளுக்கு ஒரு நீதி, கடைசிப் பத்துக்கு வேறு நீதி. இது பழைய வியாதி. 1912இல் டேனியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் ஆங்கில விடைத்தாள்கள் இரண்டைப் பிரதியெடுத்துப் பல பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். 142 பேர் திருத்தித் தந்தார்கள். ஒரே தாளுக்கு நூற்றுக்கு 64 போட்டவரும் இருந்தார், 98 போட்டவரும் இருந்தார். தாள் ஒன்றுதான், திருத்தியவர்தான் வேறு.

ஐந்து மதிப்பெண் வினாவுக்கு என் பிரிப்பு: மையக்கருத்து வாக்கியத்துக்கு 2, சான்றுகளுக்கு 2, இரண்டையும் இணைக்கும் விளக்கத்துக்கு 1. எழுத்துப்பிழைக்கு இந்த வினாவில் கழிப்பதில்லை. மாதிரியாகச் சில விடைகள்:

‘ஒற்றுமை.’ இது பொருள்கூட இல்லை, கதையில் ஒற்றுமையே கிடையாது. 0.

‘அண்ணனும் தம்பியும் கிணற்றின் நடுவே சுவர் கட்டினார்கள். பிறகு தண்ணீர் வற்றியது.’ கதைச்சுருக்கம். வாக்கியத்துக்கு 0. சான்றாகக் கொள்ளத்தக்க செய்தி இருப்பதால் நான் 1 கொடுப்பேன், சிலர் கொடுக்க மாட்டார்கள். எதுவானாலும் முன்பே முடிவுசெய்து எல்லோருக்கும் ஒன்றுபோல் செய்யுங்கள்.

‘ஒற்றுமையே பலம். நாம் அனைவரும் ஒற்றுமையாக வாழ வேண்டும்.’ முழு வாக்கியம்தான். ஆனால் இந்தக் கதையில் யாரும் ஒன்றுசேர்ந்து எதையும் வெல்லவில்லை. எந்தக் கதைக்கும் ஒட்டக்கூடிய விடை இது. புதிய ஆசிரியர்கள் இதற்குத்தான் மனம் இளகி 3 போடுவார்கள். 1க்கு மேல் வேண்டாம்.

‘சண்டை போட்டாலும் கூடப்பிறந்தவர் உறவு விட்டுப்போகாது. கடைசியில் அண்ணன் தண்ணீர் எடுக்காமல் போகிறான்.’ வாக்கியம் கதையிலிருந்து வருகிறது, இன்னும் கொஞ்சம் விரிந்திருக்கலாம். ஒரு சான்று இருக்கிறது, விளக்கம் இல்லை. 3.

‘மனிதர்கள் கோபத்தில் கட்டும் சுவர் மேலேதான் நிற்கும், அடியில் இருப்பதைப் பிரிக்காது. சுவர் இருந்தும் இரண்டு வாளிகளும் ஒரே தண்ணீரில்தான் இடித்தன. இருவரும் இறங்கும் ஆழம் ஒன்றே என்பதை அந்தச் சத்தம் காட்டுகிறது. வெறும் வாளியை இழுத்தது, மிச்சத் தண்ணீர் உனக்கு என்று சொல்வது போல் இருக்கிறது.’ 5. யோசிக்கவே வேண்டாம்.

இனி வரும் விடைதான் உங்களைச் சோதிக்கும். ஒரு மாணவி எழுதியிருந்தாள்: ‘வீம்பு ஒருவனைத் தாகத்தோடு திரும்பிப் போகவைக்கும். தம்பியும் எடுக்கிறான் என்று தெரிந்ததும் அண்ணன் வெறும் வாளியை இழுத்துக்கொள்கிறான், அவனோடு பங்கிட மனம் வரவில்லை.’ நான் எழுதும்போது அண்ணன் விட்டுக்கொடுத்தான் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் கதையில் அப்படி எங்கும் எழுதவில்லை. ஆறு ஆண்டு முகத்தில் விழிக்காதவன், யாரும் விழித்திருக்க மாட்டார்கள் என்று வந்தவன், ஆள் இருப்பது தெரிந்ததும் போய்விடுகிறான். அவள் வாசிப்புக்கும் வரிகள் இடம் தருகின்றன. முழு மதிப்பெண் போட்டேன். விடைக்குறிப்பில் ‘வேறு மையக்கருத்தும் ஏற்கப்படும், வரிச்சான்று இருந்தால்’ என்று ஒரு வரி எப்போதும் இருக்கட்டும். எழுதியவர் என்ன நினைத்தார் என்பது இங்கே அளவுகோல் ஆகாது, எழுதியவர் நீங்களாகவே இருந்தாலும்.

திருத்தும்போது வினா வினாவாகத் திருத்துங்கள், ஆள் ஆளாக வேண்டாம். எல்லோருடைய ஐந்தாம் வினாவையும் ஒரே மூச்சில் முடித்தால் அளவுகோல் கையிலேயே இருக்கும். பெயர் எழுதிய பக்கத்தை மடித்துவிடுங்கள். உடன் வேலை செய்பவர் ஒருவரிடம் ஐந்து தாள்களை மட்டும் கொடுத்து, உங்கள் மதிப்பெண்ணைக் காட்டாமல் திருத்தச் சொல்லுங்கள். ஐந்தில் இரண்டுக்கு மேல் வேறுபட்டால் அவரோடு சண்டை போடாதீர்கள், விடைக்குறிப்பில்தான் ஓட்டை.

தேர்வுக்கு முந்தைய வாரம்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இதே வடிவ வினாக்களை வேறு பகுதிகளோடு இரண்டு முறை பயிற்சியாகக் கொடுங்கள். விடைக்குறிப்பையும் அவர்கள் கையில் கொடுத்து, நான் மேலே தந்தது போன்ற மாதிரி விடைகளுக்கு அவர்களையே மதிப்பெண் போடவிடுங்கள். ‘ஒற்றுமையே பலம்’ விடைக்கு ஏன் 1 என்று ஒரு முறை வகுப்பே கூடி வாதாடிவிட்டால் அப்புறம் நீங்கள் விளக்க வேண்டியிருக்காது. வீட்டுப்பாடமாக இந்தத் தேர்வை வைக்கவே வைக்காதீர்கள், காரணம் உங்களுக்கே தெரியும்.

தேர்வு முடிந்த பிறகு வினாக்களைத் திருத்துங்கள்

விடைத்தாளைத் திருத்தியதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடுவார்கள். தெரிவு வினாக்கள் உண்மையிலேயே வேலை செய்தனவா என்று பார்க்க அரை மணி நேரம் போதும். மொத்த மதிப்பெண் வரிசைப்படி தாள்களை அடுக்குங்கள். மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம் எடுத்துக்கொள்வது வழக்கம். 40 பேர் வகுப்பு என்றால் மேலே 11, கீழே 11. ஒரு வினாவை மேல் குழுவில் 9 பேரும் கீழ்க்குழுவில் 3 பேரும் சரியாக எழுதினார்கள் என்று வைப்போம். வித்தியாசம் 6, அதை 11ஆல் வகுத்தால் 0.55. நல்ல வினா. 0.4க்கு மேல் போனால் பத்திரப்படுத்தலாம், 0.2க்குக் கீழே வந்தால் மாற்றி எழுத வேண்டும். எதிர்மறையில் வந்தால், அதாவது நன்றாகப் படிக்கிறவர்கள் தவறவிட்டு மற்றவர்கள் சரியாக எழுதியிருந்தால், பெரும்பாலும் விடைக்குறிப்பில் உள்ள எழுத்தே தப்பாக இருக்கும். எனக்கு ஒருமுறை நடந்தது. ‘ஆ’ என்று போட வேண்டிய இடத்தில் ‘அ’ போட்டிருந்தேன். வகுப்பில் ஒப்புக்கொண்டு மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். ஒரு வகுப்பு, நாற்பது பேர் என்ற அளவில் இந்த எண்களைக் கல்லில் எழுதியதாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை, எந்த வினாவைத் திரும்பப் பார்க்க வேண்டும் என்று கைகாட்டினால் போதும்.

யாருமே தேர்ந்தெடுக்காத தெரிவு இருந்தால் அடுத்த முறைக்கு மாற்றுங்கள். அதற்குச் சிறந்த மூலப்பொருள் உங்கள் மேசைமேலேயே கிடக்கிறது: நெடுவினாவில் பிள்ளைகள் எழுதிய தவறான மையக்கருத்துகள். நாம் கற்பனை செய்யும் தவறைவிட அவர்கள் செய்யும் தவறு எப்போதும் கூர்மையானது.

தாள்களைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் மதிப்பெண்ணைச் சொல்வதற்கு முன்னால் பெயர் சொல்லாமல் மூன்று விடைகளை வாசியுங்கள். ஒன்று 1 வாங்கியது, ஒன்று 3, ஒன்று 5. எது எவ்வளவு வாங்கியிருக்கும் என்று வகுப்பே சொல்லட்டும். மதிப்பெண்ணை முதலில் கொடுத்துவிட்டால் அன்று யார் காதிலும் எதுவும் ஏறாது.

கிணற்றுக் கதையைப் பொறுத்தவரை, அதை வைத்துத் தேர்வு நடத்திய மறு வருஷமே மூத்தவர்களிடமிருந்து கேட்டுக்கொண்டு வந்து ‘சுவர் என்பது ஆணவத்தின் குறியீடு’ என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் ஒவ்வொரு பகுதியின் மூலையிலும் பயன்படுத்திய ஆண்டையும் வகுப்பையும் குறித்துவைக்கிறேன். இந்தக் கதை இப்போது பயிற்சிக் கோப்புக்குப் போய்விட்டது, உங்களுக்குத் தேவை என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.